முன்கதைச் சுருக்கம் இல்லாத இரண்டாம் பாகம்

1

மூன்று வாரமாக என் மகள் என்னிடம் பேசவில்லை. அதனால் நான் அறுநூற்று நாற்பது பக்க இங்கிலீஷ் புத்தகம் ஒன்றைப் படிக்க வேண்டியதாயிற்று. இரண்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பது பினாங்குவரை கேட்கிறது. சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

இந்த மாதத்தோடு நான் இந்தத் தீவில் வந்து இறங்கி இருபது வருடம். கோவில்பட்டியிலிருந்து ஒரு சூட்கேஸும், பாலிடெக்னிக் சான்றிதழும், இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவேன் என்ற வாக்குறுதியுமாக வந்தேன். சூட்கேஸ் கைப்பிடி உடைந்து பரணில் கிடக்கிறது. வாக்குறுதியும் அதற்குப் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்க வேண்டும். தீவில் கெலுகோரில் வீடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் வேலை. கார்களுக்கான உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். எதை எடுத்தாலும் அதில் என்ன குறை என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். வீட்டிலும் இதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறேன் என்று என் மனைவி செல்வி சொல்லுவாள்.

மகள் பெயர் தர்ஷினி. இங்கேயே பிறந்தவள். பதினெட்டு முடியப் போகிறது. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தால் ஊரில் கேக் வெட்டுவீர்கள். இங்கே என்னைப் போன்றவர்கள் படிவம் தேடுவோம். அதுவரை அப்பாவின் வேலை பாஸ் என்கிற விசாவோடு ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை இனி இங்கே இருப்பதற்கான காரணத்தைத் தானே சொல்ல வேண்டும். படிக்கிறாள் என்றால் மாணவர் பாஸ். இல்லையென்றால் விமானம்.

நான் விமானத்தை முடிவு செய்தேன். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக்கு அவள் பெயரில் விண்ணப்பம் போட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் மாணவியின் மின்னஞ்சல் என்ற இடத்தில் நேர்மையாக அவளுடைய மின்னஞ்சலையே எழுதிவிட்டேன். தரப் பரிசோதகன் செய்கிற காரியமா இது. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கைபேசியில் ‘வாழ்த்துகள், உங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, மாத இறுதிக்குள் உறுதி செய்யவும்’ என்று வந்து விழுந்தது.

“என்கிட்ட ஏன்பா கேக்கல?” என்றாள்.

“உன் நல்லதுக்குத்தாம்மா.”

அவளுக்கு இங்கே தீவிலேயே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னாள். அதற்கான பாஸ் படிவத்தில் என் கையெழுத்து வேண்டும். நான் போடவில்லை. அவள் அறைக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மாவிடம்தான் சொல்கிறாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது. “அம்மா, அப்பாகிட்ட சொல்லு, ஃபேன் சுவிட்ச்ச ஆஃப் பண்ணச் சொல்லு.” செல்வி என் பக்கம் திரும்பி, “கேட்டுச்சா?” என்பாள். கேட்டுத்தான் இருக்கும், நான் என்ன கோலாலம்பூரிலா இருக்கிறேன்.

2

அந்த மூன்று வாரமும் அவள் கையில் ஒரு தடிப் புத்தகம். அட்டையில் மண்டை ஓடு, அதன் கண் குழியிலிருந்து ஒரு பூ. மூடிவைத்தால் பக்கங்களின் ஓரமெல்லாம் கறுப்பு மை. மூன்று பாகம் என்றும், இருண்ட மாயக்கதை வகை என்றும், உலகத்துப் பெண்பிள்ளைகள் எல்லாம் இதைப் படித்துத்தான் அழுகிறார்கள் என்றும் செல்வி விசாரித்துச் சொன்னாள். இரண்டாம் பாகம் முடிந்து மூன்றாவதற்குப் போயிருந்தாள் தர்ஷினி. இரண்டாம் பாகம் சோபாவில் கிடந்தது.

பேசாத பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் அவள் படிப்பதைப் படித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. முதல் பாகத்தைக் கேட்க வேண்டும் என்றால் பேச வேண்டும். நான் அப்பா. எனக்கும் ரோஷம் இருக்கிறது. எடுத்தேன் இரண்டாம் பாகத்தை. அவள் பார்த்தாள். புருவம் ஒரு முறை ஏறி இறங்கியது. அது யார் புத்தகம் என்று சொல்வதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை.

நடுவிலிருந்து படிப்பதில் எனக்குப் பயம் கிடையாது. அதற்கு எங்கள் ஊர் சலூனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நான் கதை படிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். வீட்டில் வாரப் பத்திரிகை வாங்க மாட்டார்கள். முடி வெட்டப் போகும்போது படித்தால்தான் உண்டு. மாதம் ஒரு முறை முடிவெட்டு, ஆகவே தொடர்கதையில் நான்கு வாரத்துக்கு ஒரு அத்தியாயம். அதிலும் சலூன்காரர் முத்தையா அண்ணன் சவரக் கத்தியில் ஒட்டும் நுரையைப் பத்திரிகைத் தாளைக் கிழித்துத்தான் துடைப்பார். முன்பக்கத்திலிருந்து கிழித்துக்கொண்டே வருவார். எத்தனையோ கொலைகள் எப்படி நடந்தன என்பதை யாருடைய தாடியோ கொண்டுபோய்விட்டது.

ஆனாலும் எனக்குக் கதை புரியும். ஏனென்றால் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு கட்டம் போட்டு ‘முன்கதைச் சுருக்கம்’ என்று ஆறு வரி இருக்கும். யார் யாருக்கு என்ன உறவு, யார் செத்தார், யார் சந்தேகத்துக்கு உரியவர், எல்லாம் ஆறு வரியில். கடைசியில் ‘இனி’ என்று ஒரு வார்த்தை. அந்த ‘இனி’யைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம்.

இந்த இங்கிலீஷ் புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன். ஒரு வரைபடம் இருந்தது, ஆறு மலை எல்லாம் வாயில் நுழையாத பெயரோடு. அடுத்த பக்கத்தில் தடால் என்று ஒரு பெண் ஆற்றங்கரையில் சங்கிலியைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள். இவ்வளவு செலவழித்து ஓரத்துக்கெல்லாம் மை பூசியவர்களுக்கு ஆறு வரி எழுத ஆளில்லை. என் தொழிற்சாலையாக இருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

3

செல்விக்கு மண்டை ஓடு பிடிக்கவில்லை. “விளக்கேத்துற நேரத்துல இத டீப்பாய் மேல வைக்காதீங்க” என்றவள், பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பழக்கத்தில் மளிகைக் கடை கொடுத்த பழைய காலண்டர் தாளை எடுத்து அட்டையும் போட்டுவிட்டாள். படம் வெளியே தெரியும்படி. வள்ளி தெய்வானையோடு முருகன்.

தினமும் காலையில் தொழிற்சாலை பஸ் கெலுகோரில் என்னை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து ஜுருவுக்குப் போகும். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் படிக்க. பக்கத்து இருக்கை லெச்சுமணன் அண்ணேயுடையது. ஸ்டோரில் வேலை, இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. மூன்று தலைமுறையாக இந்த நாட்டுக்காரர்.

“என்னா தம்பி, சாமி புஸ்தகமா?”

“இல்லண்ணே. மகளோடது. கொலை, ரத்தம், பேய்.”

அவர் முருகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உள்ளார வேற, வெளிய வேறயா? நல்லாத்தான் இருக்கு லா” என்றார், இங்கே எல்லோர் பேச்சிலும் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வோடு. அன்றிலிருந்து நான் அன்றைய பாட்டைப் படித்து அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது.

கதை இதுதான், அல்லது இதுதான் என்று நான் நினைத்தேன். கறுப்பு நகரம் என்று ஒரு ஊர். அங்கே மனிதர்களின் நிழலுக்கு வரி. கட்டாதவன் நிழலை வெட்டி எடுத்துக் கிடங்கில் தொங்கவிடுவார்கள். கெஸ்ரின் என்று ஒரு பெண். ராஜா அவள் பெயரை ஊர் ஏட்டிலிருந்து அடித்துவிட்டான். எல்லோரும் அவளை வெளியூர்க்காரி என்று கூப்பிடுகிறார்கள். அவள் நான்கு குதிரைக்காரர்களோடு தெற்கே உப்பு நகரம் என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வழியில் ஒரு பரிசல்காரன். ஆற்றைக் கடக்கக் கூலியாக ஆளுக்கு ஒரு ஞாபகத்தைக் கொடுக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்துக்குள் ஏழு பேர் செத்துவிட்டார்கள். என் குறைபாட்டு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிக் கணக்கு வைத்தேன். இருநூறாம் பக்கத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எனக்கு வெளிச்சமாகப் புரிந்துவிட்டது. பிழைக்கப் போன இடத்தில் அவமானப்பட்ட பெண் சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். இதைவிடத் தெளிவான கதை உண்டா. இருபது வருடமாக நான் மனதில் எழுதிக்கொண்டிருக்கிற கதை. குதிரைக்குப் பதில் மலிவு விமானம், அவ்வளவுதான்.

லெச்சுமணன் அண்ணேதான் ஒரு நாள் கேட்டார். “ஏன் தம்பி, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போறான்னா கூட வர்ற நாலு பேரு எதுக்குக் கத்தி வச்சிருக்கான்?”

“பாதுகாப்புக்கு அண்ணே. காட்டு வழி இல்லையா.”

“அப்ப ராத்திரியில அவ கால ஏன் கட்டிப் போடறான்?”

“தூக்கத்துல நடக்கிற வியாதியா இருக்கும்.”

அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “எனக்கு இந்த ஊருக்குப் போறது எல்லாம் தெரியாது தம்பி. எங்கூரு பாலத்துக்கு அந்தாண்ட தாசேக் கெலுகோர். கெரெத்தாவ எடுத்தா அர மணி நேரம்” என்றார், காரைத்தான் அப்படிச் சொல்கிறார். அவருக்காக நான் பரிதாபப்பட்டேன். ஊருக்குப் போகும் சுகம் தெரியாத மனுஷன் என்று.

நானூற்றுப் பத்தாம் பக்கத்தில் உப்பு நகரத்தின் கோபுரங்கள் தூரத்தில் தெரிகின்றன. கெஸ்ரின் குதிரையிலிருந்து இறங்கி மண்ணில் உட்கார்ந்து அழுகிறாள். பாலத்தின் நடுவில் பஸ் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. திருச்சியில் விமானம் இறங்கும்போது ஜன்னலில் கீழே வறண்ட கண்மாய்கள் தெரியுமே, அப்போது நான் ஒவ்வொரு முறையும் இப்படித்தான். ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.

4

அவளை ஏன் கோயம்புத்தூருக்கு அனுப்பத் துடிக்கிறேன் என்று செல்வி ஒரு நாள் நேராகவே கேட்டாள். நல்ல படிப்பு, நம் ஆட்கள், நம் மொழி என்று அடுக்கினேன். “அதெல்லாம் சரி, நெசமான காரணத்தச் சொல்லுங்க” என்றாள்.

உண்மையான காரணம் பயம். இன்னும் எட்டு வருடத்தில் நான் ஓய்வு பெறுவேன். இங்கே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பம் போட்டு வைத்திருக்கிறோம், பதில் வரும்போது வரும். ஆனால் என் மனதில் நான் திரும்பிப் போகிறவன். அப்போது தர்ஷினி கூட வர மாட்டாளோ என்று பயம். முன்கூட்டியே அவளை அங்கே அனுப்பி வைத்துவிட்டால், நான் போகும்போது அவள் அங்கே இருப்பாள். ரயிலில் இடம் பிடிக்கத் துண்டு போடுவது மாதிரி, ஊரில் இடம் பிடிக்க மகளைப் போடப் பார்த்தேன். இதைச் செல்வியிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

அவளுக்கு ஊர் பழக்கம்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். பதின்மூன்று வயதில் ஒரு மாதம் கோவில்பட்டியில் இருந்தாள். காலையில் எழுந்ததும் என் அண்ணனிடம், காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதற்கு இங்கே எல்லோரும் கேட்கிற மாதிரி, “பெரியப்பா, பசியாறிட்டீங்களா?” என்று கேட்டாள். வீடே சிரித்தது. யாரோ பட்டினி கிடந்தவனைக் கேட்பது போல் இருந்ததாம். கடையில் போய், இங்கே பணத்தைச் சொல்கிற வழக்கத்தில், “இது எத்தன வெள்ளி?” என்றாள். கடைக்காரர் நகைக்கடைக்கு வழி சொன்னார். சொந்தக்காரப் பிள்ளைகள் எல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு மலாய் பேசு, மலாய் பேசு என்றார்கள். எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாளிலிருந்து அவள் மாடி அறையை விட்டு வெளியே வரவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

பினாங்குக்காரியாக இருக்கவும் அவளுக்குச் சுலபம் இல்லை. இரண்டு வயதில் அவளுடைய பாஸைப் புதுப்பிக்கப் போனபோது படிவத்தில் ஒரு கட்டம். இந்நாட்டுக்கு வந்த நாள். நான் அவள் பிறந்த தேதியை எழுதினேன். கவுண்ட்டரில் இருந்த அம்மா சிரித்த முகக்காரர். தேதியைப் பார்த்துவிட்டு, எதில் வந்தாள் என்று மலாயில் கேட்டார். டாக்ஸியில் என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு டாக்ஸியில்தானே கொண்டுவந்தோம். அவர் சிரித்து, பேனாவைக் கீழே வைத்து, பக்கத்து கவுண்ட்டர்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கட்டத்தில் கடைசியில் என்ன எழுதினோம் என்று இப்போது நினைவில்லை.

5

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. கல்லூரிக்கு உறுதிக் கடிதம் அனுப்ப வேண்டும். தர்ஷினி வாயைத் திறக்கிற மாதிரி தெரியவில்லை. அவளைக் குளிர்விக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசித்து, அந்தப் புத்தகம் போட்டவர்கள் செய்யாமல் விட்ட வேலையை நான் செய்து கொடுத்தேன். இரண்டாம் பாகத்தின் முதல் வெள்ளைப் பக்கத்தில், நீல பால்பாயிண்ட் பேனாவால், அழகாகக் கட்டம் போட்டு எழுதினேன். முதல் பாகத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை இரண்டாம் பாகத்திலிருந்து ஊகிப்பது சலூனில் பயின்றவனுக்கு ஒரு விஷயமா.

‘முன்கதைச் சுருக்கம்: உப்பு நகரத்தில் பிறந்த கெஸ்ரின் என்னும் பேரழகி, பிழைப்பைத் தேடிக் கறுப்பு நகரத்துக்கு வருகிறாள். நிழலுக்கும் வரி கேட்கும் கொடிய மன்னன் அவளை வெளியூர்க்காரி என்று தூற்றி, அவள் பெயரை ஏட்டிலிருந்து நீக்குகிறான். மனம் உடைந்த கெஸ்ரினைச் சொந்த ஊர் அழைக்கிறது. நான்கு வீரர்கள் துணைவர, தன் மக்களைக் காணத் துடிக்கும் நெஞ்சத்தோடு அவள் தெற்கே புறப்படுகிறாள். அவள் ஆசை நிறைவேறியதா? இனி...’

படித்துப் பார்த்தேன். அந்தக் காலத்து வாரப் பத்திரிகை தோற்றது.

சனிக்கிழமை காலையில் தர்ஷினியின் பள்ளித்தோழி ஹுய் மின் வந்தாள். சீனப் பெண். மாதம் ஒரு முறை செல்வியின் தோசைக்கு வருவாள். மூன்று தோசை முடித்து கை கழுவிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, “அங்கிள், என் புக் டூவை முடிச்சிட்டீங்களா?” என்று இங்கிலீஷில் கேட்டாள்.

“யார் புக்?”

“என்னுடையதுதான். மூன்றுமே என்னுடையது. ஆறு மாதம் காத்திருந்து வாங்கினேன். கறுப்பு ஓரம் போட்ட பதிப்பு, இனிமேல் கிடைக்காது.”

செல்வி கரண்டியோடு அடுப்பங்கரை வாசலில் நின்றுவிட்டாள். தர்ஷினி என்னையே பார்த்தாள். அவளுக்கு அட்டை விஷயம் தெரியும், பேனா விஷயம் தெரியாது. நான் பையிலிருந்து முருகனை எடுத்து மேஜையில் வைத்தேன்.

ஹுய் மின் காலண்டர் அட்டையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிரித்தாள். முதல் பக்கத்தில் என் நீலக் கட்டம். நான் ஏதாவது சொல்ல வாய் எடுத்தேன், இங்கிலீஷ் வரவில்லை. இருபது வருடம் இங்கிலீஷில் வேலை செய்கிறேன், மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் அது வராது.

“வாவ், சோ நைஸ். இது என்ன எழுத்து, தமிழா? தர்ஷ், படி படி.”

தர்ஷினி மூன்று வருடம் வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் போனவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, இங்கிலீஷில் தோழிக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். பேரழகி என்ற இடத்தில் இருவரும் சிரித்தார்கள். நிழல் வரியில் தலையாட்டினார்கள். ‘சொந்த ஊர் அழைக்கிறது’ என்ற இடத்தில் ஹுய் மின் குழம்பினாள்.

“நோ லா அங்கிள். அவ அங்கேயே பிறந்தவதானே. கறுப்பு நகரத்துல.”

“வெளியூர்க்காரின்னு எல்லாரும் சொல்றாங்களே?” என்றேன் நான், தமிழில், யாரையும் பார்க்காமல்.

பதில் தர்ஷினியிடமிருந்து வந்தது. மூன்று வாரத்தில் முதல் பதில். “அப்படித்தான்பா சொல்லுவாங்க. அவ பாலத்துக்குக் கீழ பொறந்தா. முதல் பாகத்துல ஃபர்ஸ்ட் லைனே அதான்.”

“அப்ப உப்பு நகரம்?”

“அது அவ அப்பாவோட ஊரு. அவ அதப் பார்த்ததே இல்ல. பேர அடிச்சிட்டு, உங்க அப்பா ஊருக்கே போன்னு புடிச்சி அனுப்புறாங்க.”

“கூட வர்ற நாலு பேரு?”

“கார்ட்ஸ்பா. தப்பிச்சி ஓடாம இருக்க.”

நான் விடவில்லை. குறை என்னுடையது என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பது என் தொழில் பழக்கம். “கோபுரத்தப் பார்த்ததும் மண்ணுல உக்காந்து அழுதாளே?”

“பயத்துலப்பா” என்றாள் தர்ஷினி.

அடுப்பில் தோசை தீய்ந்த வாசனை வந்தது. செல்வி அசையவில்லை. ஹுய் மின் மட்டும், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடவா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம், உலகத்தில் வேறு யாரிடமும் இப்படி ஒன்று இருக்காது என்றாள். தர்ஷினி அவளிடம் அனுமதி கேட்டு, சிவப்புப் பேனா எடுத்து, என் கட்டத்தில் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள். ‘உப்பு நகரத்தில்’ என்பதை அடித்து மேலே ‘கறுப்பு நகரத்தில்’. ‘வீரர்கள் துணைவர’ என்பதில் துணைவர என்பதை அடித்து ‘காவலில்’. கோணல் மாணலான எழுத்து. பிழை ஒன்றும் இல்லை.

6

மறுநாள் அவளும் நானும் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, போனோம். செல்விதான் இருவரையும் சேர்த்து விரட்டினாள். மீன்காரரிடம் தர்ஷினி மலாயில் பேசி, காய்கறிக்காரச் சீனக் கிழவியிடம் ஹொக்கியனில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்து, கறிவேப்பிலை விற்கும் அக்காவிடம் தமிழில் பேசி ஒரு பிடி கூடுதலாக வாங்கினாள். நான் பை தூக்கினேன். கோவில்பட்டி மாடி அறையில் ஒரு மாதம் வாயைத் திறக்காமல் இருந்த பிள்ளையா இது என்று தோன்றியது.

காரில் ஏறியதும் கேட்டேன். “நம்ம ஊரு உனக்குப் புடிக்கலையாம்மா?”

“புடிக்கும்பா” என்றாள். கொஞ்சம் யோசித்து, “லீவுக்கு” என்றாள்.

நான் வண்டியைக் கிளப்பவில்லை.

“நீங்க ரிட்டயர் ஆனா போங்கப்பா. அம்மாவும் போகட்டும். நான் ஒவ்வொரு லீவுக்கும் வரேன். சத்தியமா வரேன். பெரியப்பா சிரிச்சாலும் பரவால்ல.”

எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். சுருக்கென்று தைத்தது. பிள்ளையைப் பிரிந்து ஊரில் இருப்பதா, ஊரைப் பிரிந்து பிள்ளையோடு இருப்பதா என்று அந்தக் காருக்குள் உட்கார்ந்து முடிவு செய்ய முடியவில்லை. ஆனால் அது நான் முடிவு செய்ய வேண்டியது, அவள் இல்லை என்பது மட்டும் புரிந்தது. வீட்டுக்குப் போனதும் மாணவர் பாஸ் படிவத்தை எடுத்து வரச் சொன்னேன். கையெழுத்துப் போட வேண்டிய ஏழு இடத்திலும் போட்டேன். எட்டாவது இடத்திலும் போட்டேன், அது அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்று தர்ஷினி சொன்னபிறகுதான் கவனித்தேன். புதுப் படிவம் அச்செடுத்தோம்.

திங்கட்கிழமை பஸ்ஸில் லெச்சுமணன் அண்ணேயிடம் நடந்ததைச் சொன்னேன். “கத்தி வச்சிருக்கான்னு நான் அப்பவே சொன்னேன்” என்றார். அதோடு விட்டுவிட்டார். நல்ல மனுஷன்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோயம்புத்தூர் கல்லூரியின் தளத்தில் விலகல் படிவத்தைத் திறந்தேன். பெயர், விண்ணப்ப எண், பெற்றோர் பெயர். கடைசியில், விலகுவதற்கான காரணம். சின்னக் கட்டம். உடல்நிலை என்று போடலாமா, குடும்பச் சூழ்நிலை என்று போடலாமா என்று சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். கை கழுவி வந்து எழுதினேன்: மாணவி தன் சொந்த ஊரிலேயே படிக்க விரும்புகிறாள்.

எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தத்தான் நேரம் பிடித்தது.

மறுநாள் மாலை நாங்கள் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து போன். அலுவலகத்துப் பெண். பணிவான, களைத்த குரல்.

“சார், விலகல் படிவம் வந்துச்சுங்க. சிஸ்டத்துல ஏத்தணும். சொந்த ஊர்லயே படிக்கறாங்கன்னு போட்டிருக்கீங்க. எந்த ஊருங்க சார்?”

இருபது வருடமாக யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் எனக்குக் கோவில்பட்டி என்றுதான் வரும். நாக்கு நுனிவரை வந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. தர்ஷினி டீயை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பினாங்கு” என்றேன்.

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி தட்டினாள்.

“லிஸ்ட்டுல வரலீங்களே சார். அது எந்த மாவட்டம்?”

தர்ஷினி டீயைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“மாவட்டம் இல்லீங்கக்கா” என்றாள். “எங்க ஊரு தீவு.”